பிந்தி வந்த மாணவன்: வீட்டில் நோயாளியைப் பராமரித்த இரு பிள்ளைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவு யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையில் 11ஆம் தரத்தில் கற்ற 16 வயது மாணவன் ஒருவனையும், வேறொரு பாடசாலையில் 7ஆம் தரத்தில் கற்ற அவனுடைய 12 வயதுத் தங்கையையும் பற்றியது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் சில நீக்கப்பட்டுள்ளன, சில மாற்றப்பட்டுள்ளன. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராக இந்த விடயத்தில் தொடக்கம் முதல் ஈடுபட்டிருந்த நான், பிள்ளைகள் இருவரும் அவர்களது தாயாரும் வாசித்துச் சம்மதம் தெரிவித்த பின்னரே இதனை வெளியே தருகிறேன்.

தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன்னர் காலமாகிவிட்டார். வீடு கட்டப் பெற்ற கடனும் அடைவில் இருந்த நகைகளும் சேர்ந்து அழுத்தியபோது, தாயார் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குச் சென்றார். வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார் தம் பிள்ளைகளை யாருடைய பொறுப்பில் விட்டுச் செல்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்துவதற்காகக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை இலங்கையில் 2013இல் கொண்டுவரப்பட்டது. இந்தக் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை ஏற்று ஒப்பமிட்டவர் 71 வயதான அம்மம்மா. சமையல், தோட்டம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தையும் அவர் ஓராண்டுக்கு மேலாகக் குறைவின்றி நடத்தினார். அவர் நோயுற்றால் அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் எந்தத் தாளிலும் விடை இருக்கவில்லை.

ஒரு காலைப்பொழுதில் அவர் கிணற்றடியில் விழுந்தார். மாணவன் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்தான். மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட பாரிசவாதம் என்று கண்டறியப்பட்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் ஏறத்தாழ முற்றாக நின்றுபோனது. இரண்டு வாரங்களின் பின்னர், கிளினிக் கொப்பி, மாத்திரைகள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் ஆகியவற்றோடு அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்கப்பட்டபோது, இருக்கிறோம் என்று மாணவன் பதிலளித்திருக்கிறான். அந்தப் பதிலின் பின்னால் வயதுவந்த எவரும் இல்லை என்பது அப்போது எவருக்கும் தெரியவரவில்லை.

பாடசாலையில் கவனிக்கப்பட்டவை

அதன்பின் மூன்று மாதங்கள் வரையில் பாடசாலையின் பார்வையில் அவன் பிந்தி வருகின்ற ஒரு மாணவன் மட்டுமே. பெரும்பாலான நாட்களில் முதலாம் பாடவேளை முடியும் தறுவாயில் வந்து, பிந்தி வருவோர் பதிவேட்டில் ஒப்பமிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அதற்காக வழங்கப்பட்ட தண்டனைகளை மறுப்போ விளக்கமோ இன்றி ஏற்றுக்கொண்டான். மைதானத்தைத் துப்புரவாக்கச் சொன்னால் செய்தான், வகுப்பறைக்கு வெளியே நிற்கச் சொன்னால் நின்றான். அவனுடைய சீருடை எப்போதும் தோய்த்து மினுக்கப்பட்டிருந்தது. வகுப்பில் எவரோடும் முரண்பட்டதில்லை. கணித பாடப் புள்ளிகள் இறங்கியபோதும் ஒப்படைகளைத் தவறாமல் கொடுத்தான். இதனாலேயே வீட்டில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை. கிழிந்த சட்டையும் வாடிய முகமும் கண்ணில் பட்டால் விசாரிக்கப் பழகியிருக்கிறோம், ஒழுங்காக இருக்கின்ற பிள்ளையை விசாரிக்கும் வழக்கம் எங்கள் பாடசாலைகளில் குறைவு.

வகுப்பாசிரியை இரண்டு விடயங்களைக் கவனித்து என்னிடம் கொண்டுவந்தார். முதலாவது, வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் ஒரே வாரத்தின் செவ்வாய்க்கிழமையில் அவன் வராதிருந்தமை. சோம்பலினால் நிற்கின்ற பிள்ளை நாள் பார்த்து நிற்பதில்லை, அது கிளினிக் நாளாக இருக்கக்கூடும் என்று அவர் ஊகித்தார். இரண்டாவது, அவனுடைய கைகள். விரல் மூட்டுகளில் தோல் உரிந்து, பல மணிநேரம் சவர்க்கார நீரில் ஊறிய கைகளைப்போல் இருந்தன.

நான் அவனை அலுவலகத்துக்கு அழைக்காமல், நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் வேலைக்கு உதவி கேட்டு அருகில் வைத்துக்கொண்டேன். அம்மம்மா சுகமாக இருக்கிறாவா என்று கேட்டதற்கு, சிறிது நேரம் கழித்து, "அவ படுக்கையில இருக்கிறா ரீச்சர், நாங்கள் பாக்கிறம்" என்றான். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவன் தந்த விடையை அன்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: "எங்களை வளத்தவ. அவவைப் பாக்கிறதில சொல்லுறதுக்கு என்ன இருக்கு?" குரலில் வருத்தமோ பெருமையோ இருக்கவில்லை. தண்டனைகளைப் பற்றி ஒரு சொல்லும் அவன் கூறவில்லை.

வீட்டில் கண்டவை

அவனுடைய அனுமதியோடு, பள்ளி விட்ட பின்னர் வகுப்பாசிரியையும் நானும் அந்த வீட்டுக்குச் சென்றோம். படலையைத் திறந்ததும் கூட்டிப் பெருக்கிய முற்றமும், கொடியில் வரிசையாகக் காய்ந்த பழைய சேலைத் துண்டுகளும் தெரிந்தன. உள்ளே ஒரு நோயாளி பல வாரங்களாகப் படுத்திருக்கும் வீட்டில் இருக்கக்கூடிய வாடை இருக்கவில்லை.

பிள்ளைகள் தாமாகவே ஓர் ஒழுங்கை உருவாக்கியிருந்தார்கள். உடல் கழுவி உடை மாற்றுவது தங்கையின் பொறுப்பு. தூக்குவதும் புரட்டுவதும் தண்ணீர் அள்ளிச் சுடவைத்துக் கொடுப்பதும் அண்ணனுடைய பொறுப்பு. உடை மாற்றும் வேளையில் அவன் அம்மம்மாவின் தோள்களைத் தாங்கியபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான் என்று தங்கை சொன்னாள். முன்பக்கம் திறந்து முடிச்சிடக்கூடிய சட்டைகளைப் பழைய பருத்திச் சேலைகளில் இருவருமாகத் தைத்திருந்தார்கள், கையைத் தூக்காமலே அவற்றை அணிவிக்கலாம். முகட்டு வளையில் முறுக்கிய சேலையொன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தமையால், அம்மம்மா நல்ல கையால் அதைப் பற்றித் தன்னைச் சற்று உயர்த்திக்கொள்ள முடிந்தது. பின்னர் வந்த இயன்மருத்துவர் அந்தக் கட்டின் உயரத்தை மாத்திரம் மாற்றிவிட்டு, மற்றபடி அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

இரவில் புரட்டுவதற்காக மாணவன் கைத்தொலைபேசியை ஒலியின்றி அதிரவிட்டுத் தலையணையின் கீழ் வைத்துப் படுத்தான். தங்கையின் நித்திரை குழம்பக் கூடாது என்பது அவனுடைய எண்ணம். விடியற்காலையில் எழுந்து கஞ்சி வைத்து, அம்மம்மாவை நிமிர்த்தி இருத்தி, புரையேறாமல் கரண்டி கரண்டியாக ஊட்டி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. விழுங்கும் ஆற்றல் குறைந்த நோயாளிக்கு அவசரப்பட்டு ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியா ஏற்படலாம் என்பதை விடுதியில் ஒரு தாதி சொல்லக் கேட்டு, அதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. பாடசாலைக்குப் பிந்தியதன் காரணம் இதுவே.

இத்தனை கவனத்துக்கும் மீறி, இடுப்பின் கீழே முதுகெலும்பின் அடிப்பகுதியில் தோல் சிவந்து ஓரிடத்தில் உரிந்திருந்தது. இருவரும் பாடசாலையில் இருந்த காலை நேரத்தில் பக்கத்து வளவு அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், தனியாளாகப் புரட்ட அவரால் இயலவில்லை. ஆறு மணித்தியாலம் ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வருவதை அன்பினால் தடுக்க முடியாது. மாணவன் அந்தப் புண்ணைக் காட்டியபோதுதான் முதன்முறையாக அவனுடைய குரல் தளர்ந்தது.

தாயாருக்கு இது எதுவும் தெரியாது. அம்மம்மாவுக்குக் காய்ச்சல், அம்மம்மா நித்திரை, அம்மம்மா கோயிலுக்குப் போய்விட்டா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் ஒவ்வொரு காரணம் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியும் முன் தாயார் திரும்பினால் முகவருக்குப் பணம் கட்ட வேண்டிவரும், அடைவு நகை மூழ்கிவிடும் என்று அவன் கணக்குப் பார்த்து வைத்திருந்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம அலுவலர், அதிபர், வகுப்பாசிரியை ஆகியோருடன் கூடிப் பேசினோம். முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை, அம்மம்மாவைக் கைதடி முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முயல்வதும், பிள்ளைகளைத் தாயார் வரும்வரை சிறுவர் இல்லத்தில் தங்கவைப்பதும் ஆகும். பாதுகாப்பை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் அது நியாயமான யோசனை. இரு பிள்ளைகள் பெரியவர் இன்றி இரவில் தனித்திருக்கும் வீட்டைப் பற்றி எந்த உத்தியோகத்தரும் கவலைப்படவே வேண்டும். ஆயினும் இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளைகளின் கருத்து கேட்கப்பட்டு அதற்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. எனவே முடிவெடுக்கும் முன் மூவரிடமும் தனித்தனியே கேட்டோம். பேச இயலாத அம்மம்மா தலையசைப்பாலும் இடக்கையாலும் தெளிவாக மறுத்தார். தங்கை, அண்ணனைப் பிரிந்து இருக்க மாட்டேன் என்றாள். மாணவன் வாதாடவில்லை. என்னென்ன செய்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியே எங்கள் திட்டமாயிற்று. இரவில் ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும், பாடசாலை நேரத்தில் புரட்டுவதற்கு இருவர் வர வேண்டும், புண்ணைப் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும், தாயாருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பவை நிபந்தனைகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் இல்லத்தில் சேர்க்கும் யோசனைக்குத் திரும்புவது என்று எழுதி ஒப்பமிட்டோம்.

பாடசாலை மட்டத்தில், முதலாம் பாடவேளைக்குப் பின் வருவதற்கு அவனுக்கு அதிபர் எழுத்தில் அனுமதி வழங்கினார். பதிவேட்டில் ஒப்பமிட வேண்டியதில்லை என்றும் கூறப்பட்டது. தவறிய கணிதப் பாடத்தை அதே ஆசிரியர் இடைவேளைக்குப் பின் கிடைக்கும் ஓய்வுப் பாடவேளையில் கற்பித்தார். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் எடுப்பதற்காக அவனுடைய கைத்தொலைபேசியை அலுவலகத்தில் வைக்க அனுமதித்தோம். இந்த ஒழுங்கின் காரணத்தை ஏனைய மாணவர்களுக்கு அறிவிப்பதில்லை என்பதும் முடிவின் ஒரு பகுதி. அவனுக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மாத்திரம், தேவையான அளவுக்குச் சொல்லப்பட்டது.

பாராட்டும் ஒளிப்பதிவும்

செய்தி ஓரளவு கசிந்ததும் இரண்டு திசைகளிலிருந்து நல்லெண்ணம் வந்தது. பரிசளிப்பு விழாவில் அவனை மேடையேற்றி முன்மாதிரி மாணவனாகக் கௌரவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சிலர் விரும்பினார்கள். யூரியூப்பில் உதவி கோரும் காணொளிகளை வெளியிடும் ஓர் இளைஞர், வீட்டை ஒருமுறை படம்பிடித்தால் புலம்பெயர் உறவுகளிடமிருந்து சில நாட்களிலேயே பெருந்தொகை சேரும் என்று உறுதியாகச் சொன்னார். அவர் அதற்கு முன்னர் பல குடும்பங்களுக்கு அவ்வாறு உதவியவர், அவருடைய நோக்கத்தில் எனக்கு ஐயம் இல்லை.

மாணவனிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னோம். காணொளியைப் பற்றி அவன் உடனடியாகவே பதில் தந்தான்: "அம்மம்மா வெளியில போறதெண்டா தலை இழுத்துக் கட்டி, சேலை மாத்தாமல் படலை தாண்ட மாட்டா. அவ இப்ப கிடக்கிற கோலத்தை ஊர் உலகம் பாக்க வேண்டாம் ரீச்சர்." குவைத்தில் இருக்கும் தாயாரின் கைத்தொலைபேசிக்கும் அது போய்ச் சேரும் என்பதையும் அவன் நினைவூட்டினான். விருதைப் பற்றி ஒருநாள் யோசித்துவிட்டு வந்து, தங்கைச்சியும் செய்கிறாள், தன்னை மாத்திரம் கூப்பிட்டால் சரியில்லை என்றான்.

இரண்டையும் கைவிட்டோம். காணொளியை மறுத்தமையால் இழந்த தொகை அந்தக் குடும்பத்துக்குச் சிறியதல்ல என்பதைக் குறிப்பிடவே வேண்டும். அதனைத் தெரிந்துகொண்டே அவன் மறுத்தான். நோயுற்ற ஒரு முதியவரின் மானத்தைக் காப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி என்பதை எங்களுள் பலரை விடத் தெளிவாக அவன் விளங்கியிருந்தான். விருதை மறுத்ததிலும் பாடசாலை சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. பொறுப்பான பிள்ளை என்று மேடையில் புகழப்பட்ட ஒருவனால் மறுநாள் வந்து எனக்குக் களைப்பாக இருக்கிறது, இயலவில்லை என்று சொல்ல முடியாது. புகழ்ந்து முடித்ததும் பெரியவர்களாகிய நாங்கள் எங்கள் கடமை தீர்ந்ததென்று நகர்ந்துவிடும் ஆபத்தும் அதில் இருந்தது.

உதவியை வேறு வழியில் தேடினோம். பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளையில் உள்ள ஒருவர், இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வீட்டில் நோயாளரைப் பராமரிக்கும் சிறுவர்களைத் தனியாக இனங்கண்டு அவர்களின் தேவைகளை மதிப்பிட வேண்டிய கடமையை உள்ளூராட்சி நிருவாகத்துக்கு விதித்திருப்பதாகக் கூறி, இந்த விடயத்தின் தன்மையை ஏனைய உறுப்பினர்களுக்கு விளங்கவைத்தார். பெயரோ படமோ கேட்காமல், தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில் ஒன்றையும் காற்றூதும் மெத்தை ஒன்றையும் அவர்கள் வாங்கித் தந்தார்கள். அவை மாலை மங்கிய பின்னர் வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கையளிப்பு நிகழ்வு எதுவும் நடத்தப்படவில்லை.

தாயாருக்குத் தெரிவித்தல்

இதில் எங்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. உத்தியோகத்தர் தாமே அழைத்துச் சொல்வது முறை என்று கருதினார். அந்தச் செய்தியை அந்நியர் ஒருவரின் குரலில் கேட்டால், பிள்ளைகள் தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணமே தாயாருக்கு முதலில் எழும் என்று நான் வாதிட்டேன். தாயாரின் விடுமுறை நாளான ஒரு வெள்ளிக்கிழமையில், மாணவனே பேசுவது என்றும், நாங்கள் பக்கத்தில் இருப்பது என்றும் தீர்மானித்தோம். அவன் நடந்ததை ஒழுங்காகச் சொன்னான், அழவில்லை. தாயார் நீண்டநேரம் அழுதார். அதன்பின் அவர் கேட்டது, இரவில் நீ எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்பதே. அந்தக் கேள்விக்கு மாணவனால் விடை சொல்ல முடியாமற்போய், தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்தான்.

அந்த வாரத்திலேயே தாயார் கிளிநொச்சியில் இருந்த தமக்கையாரோடு பேசினார். பெரியம்மா பத்து நாட்களில் வந்து அந்த வீட்டிலேயே தங்கினார். மூன்று மாதங்களாக எல்லோரும் இயலாது என்று கருதியிருந்த ஒன்று, உரியவருக்கு உண்மை தெரிந்தவுடன் இயன்றது.

தொடர்ந்து நடந்தவை

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் முறைபோட்டுக் காலையில் இருவராக வந்து புரட்டினார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார், அது ஏறத்தாழ ஏழு வாரங்களில் ஆறியது. பொருளைத் தூக்குவதுபோல் இடுப்பை வளைத்துத் தூக்காமல், விரிப்பை அடியில் இட்டு இருவர் இழுத்துப் புரட்டும் முறையை இயன்மருத்துவர் பழக்கினார். மாணவனுக்கு ஏற்கனவே முதுகுவலி தொடங்கியிருந்தது என்பதை அப்போதே அறிந்தோம். அம்மம்மா நேரில் செல்ல முடியாமையால் நின்றுபோயிருந்த முதியோர் கொடுப்பனவு கிராம அலுவலரின் முயற்சியால் மீண்டும் கிடைத்தது. சில மாதங்களில் அம்மம்மா தாங்குதலோடு கட்டிலில் இருக்கவும், ஓரிரு சொற்களைச் சொல்லவும் தொடங்கினார்.

எதிர்பாராத ஒரு சிரமம் மாணவனிடம் தோன்றியது. பொறுப்பைப் பகிர்ந்த பின்னரும் அவனால் நித்திரை கொள்ள முடியவில்லை. பெரியம்மா இரவு இரண்டு மணிக்குப் புரட்டிவிட்டுப் படுத்தால், இரண்டரைக்கு எழுந்து வந்து சரியாகப் படுத்திருக்கிறாவா என்று பார்த்தான். மாதர் சங்கத்தினர் வந்த நாட்களில் கஞ்சி ஆறிவிட்டதா என்று பாடசாலையிலிருந்து கேட்டான். பெரியம்மாவுக்கு இது தம்மை நம்பாததுபோல் பட்டு, சில நாட்கள் வீட்டில் மனக்கசப்பு இருந்தது. பொறுப்பை அவனிடமிருந்து முழுமையாகப் பறிக்காமல், மாலை உணவு ஊட்டுவதை மாத்திரம் அவனுக்கென ஒதுக்கும்படி பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டோம். தனக்கென ஒரு வேளை உறுதியாக இருந்தபோது மற்ற வேளைகளை அவன் மெல்ல மெல்ல விட்டான். பராமரிப்பு அவனுக்கு வேலையாக மட்டும் இருக்கவில்லை, அது அம்மம்மாவோடு அவனுக்கு இருந்த உறவாகவே ஆகிவிட்டிருந்தது. முழுவதையும் ஒரேநாளில் எடுத்துவிடுவது விடுவிப்பு ஆகாது என்று அப்போது விளங்கிக்கொண்டோம்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்கவில்லை, சாதாரண சித்தியே பெற்றான். ஏனைய பாடங்களில் நன்றாகச் செய்து உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சேர்ந்தான். தாயார் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார், அடைவு நகைகளில் ஒரு பகுதி மீட்கப்பட்டது.

மாற்றப்பட வேண்டியவை

பிந்தி வருவோர் பதிவேட்டை ஒழுக்காற்றுக் குழு மாத்திரம் பார்வையிடும் வழக்கத்தை எங்கள் பாடசாலை மாற்றிவிட்டது. ஒரு மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் பிந்துபவரின் பெயர் தண்டனைக்கு முன்னர் ஆலோசனைப் பிரிவுக்கு வருகிறது. வரவின்மையில் கிழமை ஒழுங்கு தெரிகிறதா என்று வகுப்பாசிரியர்கள் மாத இறுதியில் பார்க்கிறார்கள். மாணவர் விபரப் படிவத்தில் வீட்டில் நோயாளர் உள்ளனரா, அவரைப் பராமரிப்பவர் யார் என்ற இரு கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன.

தங்கையின் விடயம் இன்னும் தீர்வு காணவில்லை. இருவரும் வெவ்வேறு பாடசாலைகளில் கற்றமையால், எங்கள் திட்டத்தில் மேலதிக நேரமும் பாட உதவியும் அண்ணனுக்கே கிடைத்தன. அவளுடைய பாடசாலைக்கு எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தபோது ஒரு தவணை முடிந்திருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய தகவல் இரு பாடசாலைகளுக்கிடையே செல்வதற்கு இப்போது முறையான வழி இல்லை, வலயக் கல்வி அலுவலகத்துக்கு இதுபற்றி எழுதியிருக்கிறோம். கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது, 12 வயதான அவள் அதற்குள் அடங்குகிறாள், அவள் பாடசாலை இடைவிலகலை நோக்கிச் சென்றிருந்தால் தலையிடச் சட்டம் இடமளித்திருக்கும். ஆனால் அவள் ஒருநாளும் வராதிருக்கவில்லை. சமைத்து, உடை தோய்த்து, அம்மம்மாவைக் கழுவித் துடைத்துவிட்டு, முதல் மணி அடிக்கும் முன் வகுப்பில் இருந்திருக்கிறாள். அதனால் எந்தப் பதிவேட்டிலும் அவளுடைய பெயர் ஏறவில்லை.

வைத்தியசாலைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, பராமரிப்பவரின் பெயரோடு வயதையும் கேட்டு எழுதினால், 18 வயதுக்குக் குறைந்தவர் என்று தெரிந்த அன்றே பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க முடியும். குடும்பப் பின்னணி அறிக்கையிலும் பொறுப்பாளர் இயலாமற்போனால் அவருக்குப் பதிலாக வரவேண்டிய இரண்டாமவரின் பெயர் கட்டாயமாக்கப்பட வேண்டும். இந்த இரு கோரிக்கைகளையும் பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுவின் கூட்டத்தில் முன்வைத்துள்ளோம்.